சாம்பிள் சார் பொரித்த பன்றித் தோல்

பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவரை எல்லோரும் சாம்பிள் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். மணிக்கு மூன்று பிஸ்கட் எடுப்பார், உடைப்பார், முகர்வார், கடிப்பார், உதட்டைப் பிதுக்குவார். தன் கையால் ஒரு பிஸ்கட்கூடச் செய்ததில்லை. அதனால் என்ன, குறை சொல்கிறவனுக்குச் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே.

வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம்தான் கிடையாது. மனைவி வைக்கும் தட்டில் முதல் வாய் எடுத்ததுமே தீர்ப்பு வந்துவிடும். அந்த அம்மாளும் இத்தனை வருடமாக ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம் கடையில் வாங்கிய பொரித்த பன்றித் தோலைத் தட்டில் கொட்டியபோது, "பாக்கெட்ல பாதி காத்து, மீதி எண்ணெய். இதை யார் வேணும்னாலும் வீட்டுலயே செய்யலாம்" என்றார். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"யாரோ எதுக்கு? நீங்களே செய்யுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வர்றாங்க. அவர் ஒரு துண்டு தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும், அப்புறம் ஆயுசுக்கும் என் சமையலை என்ன வேணா சொல்லுங்க. இல்லேன்னா இனிமே சாப்பாட்டைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

"சரி" என்றார் வீறாப்பாக. தோற்றால் என்ன செய்வது? குறை சொல்லாமல் சாப்பிடுவது எப்படி என்று அவருக்கு நிஜமாகவே தெரியாது. வேலை போய்விட்டது. இதுவும் போனால் மிச்சம் இருப்பது காலை நடை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை கறிக்கடையில் ஒரு கிலோ தோல் வாங்கினார். "கொழுப்பைச் சுத்தமா வழிச்சிடுங்க சார், இல்லேன்னா பொரியாது" என்றார் கடைக்காரர். சும்மா சொல்லக் கூடாது, வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். வேகவைத்தார், கரண்டியால் கொழுப்பை வழித்தார், இரண்டு விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார், நாற்பது துண்டாக நறுக்கினார். சனிக்கிழமை காலையில் மாடியில் வலை போட்டு வெயிலில் காயவைத்தார்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? வேறு யாராக இருந்தாலும் ஒன்றை ஒடித்துப் பார்த்திருப்பார்கள். இவர் மணிக்கு மூன்று எடுத்துப் பொரித்தார். "மூணு எடுத்தாத்தான் சராசரி வரும்" என்று மனைவிக்கு விளக்கம் வேறு. முதல் மூன்றும் எண்ணெயில் வெடித்து அவரைச் சமையலறை வாசல்வரை துரத்தின. அடுத்த மூன்று ரப்பராக இழுத்தன. நோட்டில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் குப்பையில் போட்டார். சனிக்கிழமை ஆறு தடவை இப்படி.

ஞாயிறு மத்தியானம் மனைவி மாடிக்கு வந்து வலைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, காலியாகிட்டே வருதே?"

"மிச்சம் எவ்வளவுன்னு பாக்கறது உற்பத்திப் பிரிவு வேலை" என்றார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

அன்று நான்கு மணிக்கு, பதின்மூன்றாவது தடவையில், மூன்று துண்டும் எண்ணெயில் விழுந்த வேகத்தில் உப்பி மலர்ந்தன. கடித்தால் மொறுமொறுவென்று நொறுங்கி நாக்கிலேயே கரைந்தன. சாம்பிள் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையால் செய்த ஒன்று தேறியிருக்கிறது, அதுவும் தன்னிடமே! மூன்றையும் தின்று, 'தேறியது' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். பிறகுதான் வலையைப் பார்த்தார். ஒரே ஒரு துண்டு.

அதையும் பொரித்தார். முந்தைய மூன்றையும்விட அழகாக வந்தது. ஆனால் அவர் கை அவரைக் கேட்காமலேயே அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் வாயை ஒட்டி, தேதி எழுதிவிட்டது. தொழிற்சாலையில் தேறிய ஒவ்வொரு ஈடு பிஸ்கட்டிலும் ஒன்றை முத்திரை போட்டு ஆறு மாதம் பத்திரப்படுத்த வேண்டும். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

சாயங்காலம் வந்த சகலை கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி காலித் தட்டை வைத்தாள். சாம்பிள் சார் பையைக் காட்டினார்.

"பிரிங்க அண்ணே, வாசனையே தூக்குது" என்றார் சகலை.

"ஆறு மாசத்துக்குப் பிரிக்கக் கூடாது. நாளைக்கு யாராவது புகார் சொன்னா எதைக் காட்டறது?"

"புகார் சொல்றதுக்கு இங்க யாரு தின்னா மாமா?" என்றாள் மச்சினி.

மனைவிக்கே பாவமாகிவிட்டது. "பிரிச்சிடுங்க. அவர் ஒரு வாய் தின்னா நீங்க ஜெயிச்சீங்க. நானே சொல்றேன்."

அவர் விரல் இரண்டு தடவை பையின் ஓரத்துக்குப் போய்த் திரும்பியது. "முடியாதும்மா. விதின்னா விதிதான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் எல்லோருக்கும் சாப்பாடு பரிமாறினாள்.

"பிரமாதம் அண்ணி" என்றார் சகலை, பாதி மென்றபடி.

சாம்பிள் சார் முதல் வாய் எடுத்தார். உப்பே இல்லை. மறந்தாளோ, வேண்டுமென்றே விட்டாளோ. நிமிர்ந்தார். அவள் கையில் கரண்டியோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டாவது வாய் எடுத்தார்.