ஏழாவது வீட்டின் கையெழுத்து

அந்த ஒப்புதல் கடிதத்தை எழுதியவன் நான்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டை சற்று ஓய்ந்திருந்த மாதங்கள். கல்முனைக்கு அண்மையில் எங்கள் கடற்கரையில் ஐஸ் தொழிற்சாலை ஒன்று போட வெளியூர்க் கம்பனி முன்வந்தது. நான் பாடசாலையில் உப அதிபர், ஊர் அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர். ‘நிலைபேறான அபிவிருத்தி’, ‘தனியார் துறையுடன் மக்கள் பங்களிப்பு’ என்ற சொற்கள் அப்போதுதான் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தன. அவற்றைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பெருமை எனக்கு இருந்தது.

கம்பனி இரண்டு கேட்டது. ஊர் இணங்க வேண்டும். காணியைச் சுற்றியுள்ள ஏழு வீட்டாரும் கையெழுத்திட வேண்டும். ஊரின் இணக்கம் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப எங்கட சூரை இனிப் பழுதாகாதா சேர்?” என்று ஒரு மீன் வியாபாரி கேட்டார்.

“மீனை விடு மச்சான், உன்ட நாத்தம் கொறஞ்சாலே ஊருக்குப் பெரிய அபிவிருத்தி” என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பு எழுந்தது. மறுப்பு யாரிடமிருந்தும் வரவில்லை. ஜும்ஆவில் யாரும் மறுக்காவிட்டால் ஊர் ஒத்துக்கொண்டது என்பது எங்கள் வழக்கம். ‘ஊர் மக்கள் அனைவரும்’ என்று எழுதினேன். வீட்டில் தண்ணீர் அள்ளுகிற பெண்கள் ஒருவர்கூட அங்கே இருக்கவில்லை. அது எனக்கு அன்று தோன்றவே இல்லை.

ஆறு வீட்டார் கையெழுத்திட்டார்கள். ஏழாவது வீடு, காணியின் வேலியோடு ஒட்டியது, கணவனை இழந்து இத்தாவில் இருந்த ஒரு பெண்ணுடையது. நான்கு மாதமும் பத்து நாளும் அவள் வெளியே வரமாட்டாள். அந்நிய ஆண்கள் முன் தோன்றமாட்டாள். இடியப்பம் அவித்துத்தான் சீவியம். அக்காள் அதைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அந்த அக்காள் ஒரு காலையில் சோடாப் போத்தலில் தண்ணீரோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“சேர், கம்பனிக்காரனுகள் குழாய்க் கிணறு அடிச்சி ரெண்டு நாளா மிசின்ல தண்ணி இறைச்சிப் பாக்கானுகள். இது தங்கச்சிட கெணத்துத் தண்ணி. குடிச்சிப் பாருங்க.”

குடித்தேன். நாக்கின் ஓரத்தில் உப்புக் கரித்தது.

“கொஞ்சந்தானே ராத்தா. மழை பெய்தாச் சரியாகிடும்.”

“அவ உங்களோட கதைக்கணுமாம். திரைக்கு இந்தப் பக்கம் வந்து நிண்டாப் போதும்.”

“இத்தாவில இரிக்கிற பொம்புளைக்கு ஏன் கரைச்சல் குடுக்கிற? முடியட்டும், பொறகு கதைப்பம்.”

திரைக்கு இப்பால் நின்று தேவைக்குப் பேச மார்க்கத்தில் தடையில்லை. எனக்கு அது தெரியும். போனால் என்ன கேட்க நேரும் என்பதும் தெரியும்.

கடிதத்துக்காக இத்தா முடியும்வரை காத்திருக்க முடியாது என்று கம்பனி ஆள் சொன்னார். அவள் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். எழுத்து இடப்பக்கம் சாயும். அப்படியே சாய்த்து அவள் பெயரை நானே எழுதினேன்.

தொழிற்சாலையால் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். மீன் அழுகுவது குறைந்தது, சிலருக்கு வேலை கிடைத்தது. மற்ற ஆறு வீடுகள் தள்ளியிருந்ததால் அவற்றின் கிணறுகள் தப்பின. அடுத்த கோடையில் அவளுடைய கிணறு முழுதாக உப்பாகியது. கடைக்காரர்கள் இடியப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பள்ளிவாசல் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து பார்த்தாள். கட்டுப்படியாகவில்லை.

அப்போது இத்தா முடிந்திருந்தது. அவளே வந்தாள்.

“கம்பனிக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தாங்க சேர். குழாய்த் தண்ணிக்கு ஒரு வழி செய்யட்டும். நான் எதிலயும் கையெழுத்து வெக்கல்லயே, அதையும் செல்லி எழுதுங்க.”

“ஓம், எழுதுறன்” என்றேன்.

கையெழுத்து வைக்கவில்லை என்ற அந்த ஒரு வசனம்தான் மனுவின் முழுப் பலமும். அதைத் தவிர மற்றதையெல்லாம் நல்ல தமிழில் எழுதினேன். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டவும் இல்லை. சங்கத்தின் முகவரிக்குப் பதில் வந்தது: அயல் வீட்டார் அனைவரும் முன்பே இணங்கியிருப்பதால் கம்பனி பொறுப்பேற்காது. ஒப்புதல் கடிதத்தின் பிரதியும் கூடவே இருந்தது. இரண்டையும் கிழித்து அடுப்பில் போட்டேன்.

“அவனுகள் மறுத்திட்டானுகள், புள்ள” என்றேன்.

“பரவாயில்ல சேர். எனக்காக எழுதினது நீங்க ஒராள்தான்” என்றாள்.

அவள் அடுப்பை நிறுத்திவிட்டு இன்னொருவர் வீட்டில் சமைக்கப் போனாள். அதற்குப் பிறகு பல வருடங்கள் தெருவில் என்னைக் காணும்போதெல்லாம் முந்தானையைச் சரிசெய்து, நின்று, ஸலாம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் பதில் சொன்னேன். வேறு எதையும் சொல்லவில்லை.