ஜெபத்தில் நான் விழுங்கிய வரி

சகோதர சகோதரிகளே, என் மகள் எஸ்தர் விஷ ஜுரத்தில் கிடந்தபோது, பரமண்டல ஜெபத்தில் ஒரு வரியை நான் சொல்லாமலே விட்டேன். மறதியால் அல்ல, பயத்தால். 'உம்முடைய சித்தம்' என்று தொடங்கி, அது பூமியிலும் நடக்கட்டும் என்று கேட்கிற வரிதான் அது.

அது யுத்த காலம். பட்டாளத்து லாரிகள் ஆவடிப் பக்கம் புழுதி கிளப்ப ஆரம்பித்திருந்தன. எங்கள் வீடு சென்னீர்குப்பத்தில். ஆவடி ஸ்டேஷனுக்கும் பூந்தமல்லிக்கும் நான் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். சவாரிக்காரர்களைச் சிரிக்க வைப்பதில் எனக்குப் பேர் உண்டு. குதிரை நொண்டுவது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க எனக்கு வேறு வழி இல்லை.

மூத்த மகனை அதற்கு முன்பே பட்டணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பறிகொடுத்திருந்தோம். அடக்கத்தன்று உபதேசியார் வாய் திறந்ததும் சொன்னது, "கர்த்தருடைய சித்தம்." எங்கள் சபையில் யார் இறந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே அந்த வார்த்தையைச் சொன்னால் கர்த்தர் பிள்ளையை எடுத்துக்கொள்வார் என்று என் மண்டையில் ஏறிவிட்டது.

எஸ்தரின் ஜுரம் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி உபதேசியார் வந்து வந்து சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வீட்டுக்கும் லாயத்துக்கும் நடந்துகொண்டே கர்த்தரிடம் பேரம் பேசினேன். என் காலை எடுத்துக்கொள்ளும் என்றேன். குதிரையை எடுத்துக்கொள்ளும் என்றேன். அந்தக் குதிரையை அவர் என்ன செய்வார் என்று யோசிக்கவில்லை.

"நைனா, எதுனா தமாஷா சொல்லேன்" என்று எஸ்தர் கண்ணைத் திறக்காமல் கேட்டாள். ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவள் நெற்றியைத் தொட்டேன். அடுப்பைத் தொட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலைக் குடும்ப ஜெபத்தில் என் மனைவி தவமணி என்னைப் பிடித்துவிட்டாள்.

"இன்னாயா, நான் இன்னும் 'ராஜ்ஜியம் வருவதாக'லயே கீறேன். நீ அதுக்குள்ள நடு வரிய தாண்டி, சோறு கேக்குற வரியாண்ட போயிட்ட?"

நான் ஜெபத்தைத் தொடரப் பார்த்தேன்.

"அந்த வரிய நீ சொல்லி எத்தினி நாளாச்சு? நான் கவனிச்சிகினுதான் கீறேன்."

"சொன்னா புள்ளைய எடுத்துக்குவாரு, தவமணி."

அவள் எஸ்தரின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "அவரு சித்தம் வாணாம்னா, யாரு சித்தம் வோணும்? உன்துதா? உன் சித்தத்துலதான் அந்த நொண்டிக் குதிரைய வாங்கிகினு வந்த. உன் சித்தத்துலதான் இந்தப் புள்ள ஊட்டுலயே கெடக்குது."

அங்கேயே முழங்கால் போட்டேன். அந்த வரியைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் மனதில் சமாதானம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. அப்படியே எழுந்து போய் வண்டியைப் பூட்டினேன்.

மூத்தவனைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டு வாசலில் நர்ஸம்மா கையை நீட்டினாள்.

"ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது. குடுத்துட்டு வெளிய நில்லுப்பா."

என் கைகள் பிள்ளையை விடவில்லை. காலையில் நான் வாயால் சொன்னதைக் கர்த்தர் இப்போது கையால் செய்யச் சொல்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. கொடுத்தேன். தவமணி கூடவே உள்ளே போனாள்.

அதன்பின் என் வேலை ஆஸ்பத்திரி வேலியோரம் நடப்பதுதான். உட்கார முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. தவமணி ஜன்னலுக்கு வந்து, 'இன்னும் இல்லை' என்று தலையாட்டிவிட்டுப் போவாள். ஒவ்வொரு முறையும் நான் அந்த வரியையே சொன்னேன். வேறு ஜெபம் எனக்கு மிச்சமில்லை.

ஒரு மத்தியானம் அவள் ஜன்னலில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் உயிர் போய்விட்டது.

"ஜுரம் எறங்கிடுச்சுயா. கஞ்சி கேக்குது. குதிர எப்பிடி கீதுன்னும் கேக்குது."

"நான் எப்பிடி கீறேன்னு கேக்கலியா?"

"உன்ன கேக்கல."

நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதேன். சிரித்தேனோ என்னவோ.

எஸ்தருக்கு ஒரு காது கேட்காமல் போனது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கேட்கிற காதுப் பக்கம் உட்கார்ந்துதான் இப்போது என் தமாஷுகளைச் சொல்கிறேன். பிடிக்காததைச் சொன்னால் அவளே மறுபக்கம் திரும்பிக்கொள்கிறாள். மூத்தவனுக்காகவும் நாங்கள் கண்ணீரோடுதான் ஜெபித்தோம். அவன் திரும்பவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இவளைத் திருப்பித் தந்தவருக்கு நன்றி சொல்ல மட்டும் தெரியும்.

முன்பெல்லாம் நான் முடிவெடுத்துவிட்டுக் கர்த்தரைக் கையெழுத்துப் போடச் சொல்வேன். இப்போது முதலில் கேட்கிறேன். அவருடைய சித்தத்துக்கு இன்னும் பயப்படத்தான் செய்கிறேன். என் சித்தத்துக்கு அதைவிட அதிகமாகப் பயப்படுகிறேன்.

உங்களில் யாராவது அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறவராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். சேர்ந்து சொல்வோம். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, அவருக்குக் கேட்கும்.