ஒன்று என்று எழுதிய குழாய்

எங்கள் லேபில் அவளுக்கு 'மறுபடி' என்று பெயர். எந்த அளவு வந்தாலும் "எதுக்கும் மறுபடி ஓட்டிப் பாக்கலாம்" என்பாள். பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அவளைத் திட்ட எனக்கு உரிமை உண்டு.

அந்த வாரம் ஆள் குறைவு, மெஷினும் மக்கர். மூன்று நாளாக இரண்டு ஆள் வேலையை அவளே இழுத்தாள். அப்போதுதான் அந்த பஸ் டிரைவரின் சாம்பிள் வந்தது. நுரையீரல் மாற்றி ஐந்து மாதமான மனிதர், மூச்சு வாங்குகிறது. உடம்பு புது நுரையீரலை ஏற்க மறுக்கிறதா, சைட்டோமெகலோ வைரஸ் புகுந்துவிட்டதா? மறுப்பு என்றால் ஸ்டீராய்டு ஏற்ற வேண்டும். வைரஸ் என்றால் அதே ஸ்டீராய்டு எமன். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் வைரஸ் எவ்வளவு என்று நாங்கள் சொன்னால்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

வைரஸ் எண்ணிக்கை இருநூறுக்கும் கீழே வந்தது, இல்லை என்றே அர்த்தம். அவள் வழக்கமான பாட்டைப் பாடவில்லை. "போதும்டீ, கண்ணு சொருகுது" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். நானும் அப்பாடா என்றிருந்தேன்.

மறுநாள் காலை பழைய குழாய்களை அடுக்கும்போது அப்படியே நின்றுவிட்டாள். அந்த டிரைவரின் குழாய் மூடியில் 'ஒன்று' என்று எழுதியிருந்தது. நுரையீரலுக்குள் மூன்று தடவை உப்புநீர் விட்டு உறிஞ்சுவார்கள். முதலில் வருவது மூச்சுக்குழாயைக் கழுவிய நீர். ஆழத்திலிருந்து வரும் மூன்றாவதைத்தான் நாங்கள் அளக்க வேண்டும், அது கை மாறி கிருமி வளர்க்கும் பிரிவுக்குப் போயிருந்தது. அதற்கு முன் மூடியைப் படிக்காமல் அவள் ஒருநாளும் குழாயைத் திறந்ததில்லை.

டாக்டருக்கு ஃபோன் போட்டாள். "ஸ்டீராய்டு முதல் டோஸ் ஏத்தியாச்சேம்மா" என்றார். முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி, மூன்றாவது குழாயைக் கெஞ்சி வாங்கி வந்து ஓட்டினாள். எண்பதாயிரம்.

மருந்தை மாற்றினார்கள். பதினேழு நாள் அந்த மனிதர் செயற்கை மூச்சில் கிடந்தார். இவள் டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவாள். எப்படியோ பிழைத்துவிட்டார்.

அவர் மனைவி லேபுக்கே வந்துவிட்டாள். "வைரஸ்னு கண்டுபிடிச்சவங்க யாருங்க? ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

நான் இவளைக் கை காட்டினேன். சும்மா தலையாட்டியிருக்கலாம், இந்தக் கிறுக்கி எழுந்து நின்றாள்.

"அதுக்கு முதல் நாள் வைரஸ் இல்லைன்னு தப்பா அனுப்புனதும் நான்தாம்மா."

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த மாசமும் அவருக்கு டெஸ்ட் இருக்காம். அதையும் நீங்களே பாருங்க."

இவள் முகக்கவசத்துக்குள் அழுதுகொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.