என் கோட்டின் மேல் உட்கார்ந்த புள்ளிகள்

கடையில் வெங்காயம் வாங்கினால் வீட்டுக்கு வந்து மறுபடியும் நிறுத்துப் பார்க்கிற ஆள் நான். அதனால்தான் என் வீட்டுக்காரர் அளந்து கொண்டுவந்த புள்ளிகள் என் கணக்கோடு அச்சு அசலாக ஒத்துப்போனபோது, சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம்தான் வந்தது.

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் ரெண்டு பேரும் வேலை பார்த்தோம். காற்று ஒரு பரப்பை உரசி ஓடும்போது, அதை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் வேகம் குறைந்து குழம்பிப் போகும். பரப்பு சாய்வாக இருந்தால் பக்கவாட்டிலும் திரும்பும். கயத்தாறுப் பக்கம் கரிசல்காட்டில் சுற்றும் காற்றாடி இறக்கைகளின் மேலும் நடப்பது இதுதான். எவ்வளவு திரும்பும் என்று சொல்வதில் பெரிய பெரிய ஆட்களே கோட்டைவிட்டிருக்கிறார்கள். அதற்கொரு சூத்திரம் எழுதுவது என் பிஎச்டி. அது சரியா என்று, காற்றைச் செலுத்திப் பார்க்கும் விண்ட் டனலில் திசை காட்டும் ஊசி வைத்து அளப்பது அவர் பொறுப்பு. சூத்திரம் சொல்வதை நான் கோடாக வரைந்து கொடுப்பேன், அவர் அளந்ததை அதன்மேல் புள்ளிகளாக வைப்பார். அவர் அளவை நம்பித்தான் என் தீசிஸே.

அளவு வரும்போது கூடவே கடம்பூர் போளியும் வரும். "பாத்தியாட்டி, ஒன் கோட்டு மேலயே உக்காந்திருக்கு" என்பார். எனக்கு மட்டும் எப்படி ஒரு புள்ளிகூட விலகாது? போளியைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிடுவேன்.

அடுத்து வேறொரு சாய்வுக்கு அளக்க வேண்டியிருந்தது. வேண்டுமென்றே கோணத்தில் பத்து டிகிரி கூட்டி ஒரு பொய்க்கோடு வரைந்து கொடுத்தேன். இது மட்டும் ஒத்துப்போய்விடக் கூடாது என்று சாமியெல்லாம் கும்பிட்டேன்.

சாயங்காலம் போளியோடு வந்தார்.

"ஒத்துப்போகுதா?"

"அப்படியே."

"நான் குடுத்தது பொய்க்கோடுங்க. எப்படி ஒத்துப்போகும்? சொல்லுங்க."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஊசியக் கொஞ்சம் திருப்பி வச்சா எல்லாம் ஒன் கோட்டுக்கு வந்துரும். மொதத் தடவையே சேரல. நீ ராப்பகலா கெடந்து எழுதினது. ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல மனசு வரல."

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தீசிஸ் போச்சு. சரி, அதை இன்னொரு தடவை உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று என்னையே தேற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

சோறு போட்டேன். தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து, "கொழம்பு நல்லாருக்கு" என்றார்.

கரண்டியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் விட்டுப் பார்த்தேன். இருந்த கோபத்தில் உப்பே போட்டிருக்கவில்லை.