அடிக்கிற டெக்கும் அனகாவின் ஆமையும்

பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டுக்கு அம்மா அப்பாக்கள் நாம் எதற்குத் தயாராகிறோம்?

மூன்று வாரமாக யோசிக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிரண்டும் வெளியில் சொல்லும்படி இல்லை.

என் மகள் அனகாவுக்கு ஒன்பது வயது. அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு இப்போது கார்டு விளையாட்டுப் பைத்தியம். சீட்டுக்கட்டு இல்லை. ஒவ்வொரு கார்டிலும் ஒரு விசித்திரப் பிராணி இருக்கும் — கொம்புள்ள எலி, தீ கக்கும் ஓணான் என்று. முப்பது கார்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தால் அது உங்கள் ‘டெக்’. ஏழு கார்டோடு தொடங்கி, சுற்றுக்கு ஒன்றாகக் கட்டிலிருந்து எடுக்க வேண்டும். எதிராளியின் உயிர் இருபது. அதை முதலில் காலி செய்கிறவருக்கு வெற்றி. கேரள எல்லையோரம் குன்னத்துகாலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளைவு தள்ளி இருக்கும் லைப்ரரி ஹாலில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி வைக்கிறார்கள்.

முதல் தடவை போனபோது அனகா முதல் ரவுண்டிலேயே அவுட். அவளுக்கு ஒன்றுமில்லை. “அம்மா, ஐஸ் வாங்கித் தா” என்றாள். ஐஸ் கடை வரைக்கும் அந்த ஆட்டத்தையே நினைத்துக்கொண்டு நடந்தது நான்தான்.

அங்கே வந்திருந்த அப்பாக்களைப் பார்க்க வேண்டுமே! கார்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அந்த உறைக்கு மேல் இன்னொரு உறை. பிள்ளை பஜ்ஜி தின்ற கையோடு தொட்டால் அப்பா முகம் கோணுகிறது. ஆட்டம் தொடங்கியதும் பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நிற்கிறார்கள். பேசக் கூடாது என்பது விதி. அதனால் இருமுகிறார்கள். ஒரு இருமல் என்றால் ‘வேண்டாம்’. இரண்டு என்றால் ‘போடு’. மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் சளி முகாம் என்று நினைத்திருப்பார்கள்.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு வக்கீல் வருகிறார். மகனுக்குப் பத்து வயது. யாராவது ஒரு கார்டை இறக்கினால் போதும், “அது இப்பம் அடிக்கப் பாடில்லல்லோ, கூடாதல்லோ?” என்று நடுவரிடம் வாதாடப் போய்விடுவார். அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறான்? யாருக்குத் தெரியும்? அவனைப் பேச விட்டால்தானே!

இதையெல்லாம் பார்த்து மனசுக்குள் சிரித்தபடி வீட்டுக்கு வந்த நான் என்ன செய்தேன்?

மறுநாள் அனகாவை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கணவர் திருவனந்தபுரம் ரயிலைப் பிடிக்கக் கிளம்பியதும், புட்டுக் குடத்தைக்கூடக் கழுவாமல், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். டெக் கட்டுவது எப்படி என்று வரிசையாக வீடியோ பார்த்தேன். நான் எம்.எஸ்ஸி. கணக்கு. படித்த படிப்பு வீணாகக் கூடாதல்லவா?

சூத்திரம் எளிதுதான். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் ஒரு எண் உண்டு. ஒன்று என்றால் முதல் சுற்றிலேயே இறக்கலாம். ஏழு என்றால் ஏழாவது சுற்று வரை கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அடிக்கிற டெக் என்றால் ஒன்றும் இரண்டுமாகச் சின்னப் பிராணிகளை நிறைத்துக்கொள்வது. இறக்கு, அடி. தடுக்காதே. நம் பிராணி செத்தாலும் கவலைப்படாதே. ஆறாவது சுற்றுக்குள் முடித்துவிடு!

வெயிலடிக்கும்போதும் பையில் குடை வைத்திருப்பவள் நான். பிள்ளை இரண்டு தும்மல் போட்டால் தெர்மாமீட்டரைத் தேடுகிறவள். அப்படிப்பட்டவள் நான்கு நாளில் ஒரு ரவுடிக் கும்பலையே திரட்டிவிட்டேன்.

அனகா எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள். ஒன்றைத் தவிர.

அவளிடம் ஒரு ஆமை கார்டு உண்டு. முதுகில் ஒரு காடே முளைத்திருக்கும். முதன்முதலில் வாங்கிய பாக்கெட்டில் வந்தது. மூலையில் எண் — ஏழு.

“மக்கா, ஆறாவது சுற்றுல ஆட்டம் முடிஞ்சிரும். பின்ன இந்த ஆமை எதுக்கு?”

“முடியல்லன்னா?”

“முடியும்.”

“முடியல்லன்னா எனக்க ஆமை வேணும்லா? அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்மா.”

“சரி” என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, அவள் ஸ்கூலில் இருந்தபோது, ஆமையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நாலாவதாக ஒரு கொம்பெலியைச் செருகினேன். ஆமையை ரேஷன் கார்டு இருக்கும் கவருக்குள் வைத்தேன். முப்பதில் ஒன்று... கையில் வராமலே போகலாம். கணக்குத் தெரிந்தவர்களுக்குச் சமாதானமும் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் எலிகளும் ஓணான்களும் ஹாலைக் கலக்கின. மூன்று ஆட்டம், மூன்றும் ஐந்தாறு சுற்றில் முடிந்தன. இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் யாரோ இரண்டு முறை இருமியது கேட்டது. நான்தான்.

ஃபைனலில் எதிரே வக்கீலின் மகன். அவன் டெக் முழுக்கப் பாறைப் பூதங்கள். தடுப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், வக்கீல் குனிந்து கிசுகிசுப்பார்.

“எலே, அவசரப்படாத. தடுத்துட்டே இரி. அந்தக் கொச்சுப் பிள்ளைக்க ஆளுவ எல்லாம் தானா தீந்திரும், கேட்டியா?”

ஆட்டம் ஆறாவது சுற்றில் முடியவில்லை. பத்தில் முடியவில்லை. பதினாறாவது சுற்றில் அவனுடைய உயிர் மூன்று. அனகாவிடம் மிச்சம் இரண்டு ஓணான். அவன் பக்கம் தடுக்க நின்றது ஒரே ஒரு பூதம். இரண்டு ஓணானையும் ஏவினால் ஒன்றைத்தான் தடுக்க முடியும். மற்றது உள்ளே போய் அந்த மூன்றையும் காலி செய்துவிடும். அவன் கையில் வேறு என்ன ஒளிந்திருக்கிறதோ, தெரியாது. ஆனால் அடிக்கிற டெக்குக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாதே!

இரண்டு முறை இருமினேன்.

அனகா திரும்பிப் பார்த்தாள். “நீ சும்மா இரி அம்மா. கட்டுல இனி ஏழு கார்டு உண்டு. எனக்க ஆமை இதுவரைக்கும் வரல்ல. அப்பம் இந்த ஏழுல ஒண்ணு அதாக்கும். ஓணான் ரெண்டும் காவலுக்கு நிக்கட்டும்.”

மிகச் சரியான கணக்கு. நான் சொல்லிக்கொடுத்ததுதான். அது தப்பென்று அந்த ஹாலில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். “ஆமை இல்ல மக்கா, அம்மா எடுத்துட்டேன்” — ஒரு வரி. நடுவர் திட்டியிருப்பார், ஆட்டம் போயிருக்கும், அவ்வளவுதானே? நான் வாய் திறக்காததற்குக் காரணம் நடுவர் இல்லை. வக்கீல் காதில் விழும். இத்தனை நாள் யாரைப் பார்த்துச் சிரித்தேனோ, அவருக்குப் பயந்து என் பிள்ளையைக் காத்திருக்க விட்டேன்.

அவள் ஒவ்வொரு கார்டையும் எடுக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டாள். எலி. ஓணான். மறுபடியும் எலி. நாலாவதை எடுத்தபோது எதிரே ஐந்து பூதங்கள் சேர்ந்து திருப்பி அடிக்கத் தொடங்கிவிட்டன. தோற்றாள்.

மிச்சம் கிடந்த மூன்று கார்டை நோக்கி அவள் கை நீண்டது. நான் முந்திக்கொண்டேன். எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டு, “வா மக்கா, மழை வருது” என்றேன்.

மழை வரவில்லை.

வீட்டில் அவள் கால் கழுவப் போன நேரத்தில் எலியை எடுத்துவிட்டு ஆமையை உள்ளே வைத்தேன். அவள் வந்து டெக்கை விரித்தாள்.

“பாத்தியாம்மா, ஆமை இதுல உண்டு! அடியில கிடந்திருக்கு.” கார்டுகளை மறுபடி அடுக்கினாள். பிறகு சொன்னாள், “எனக்கு நல்லா கலைக்கத் தெரியல்லம்மா. அதான் அடியில போச்சு.”

அன்றிலிருந்து ஹோம்வொர்க் முடிந்ததும் தரையில் உட்கார்ந்து கார்டு கலைக்கப் பழகுகிறாள். முப்பது கார்டு அந்தச் சின்னக் கைக்குள் அடங்குவதில்லை. சிதறும். பொறுக்குவாள். மறுபடியும் கலைப்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவை என்று அவளாகவே ஒரு எண் வைத்திருக்கிறாள்.

என் கணவர் பார்த்துப் பூரித்துப்போகிறார். “தோத்தாலும் விடல்ல பாரு, நல்ல பிள்ளையாக்கும்!”

நான் தலையாட்டுகிறேன்.

வருகிற ஞாயிறு அடுத்த போட்டி. இந்தமுறை டெக்கில் நான் கை வைக்கவில்லை. அதைப் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

சொல்லிவிடு என்றுதான் நீங்கள் எல்லோரும் எழுதுவீர்கள், தெரியும். ‘சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடுவாள்’ என்று எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து சிரமப்பட வேண்டாம். எனக்கு வேண்டியது வேறு. தினமும் அவள் பக்கத்தில் போய் உட்கார்கிறேன், “மக்கா” என்கிறேன், அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், “பால் குடிச்சியா?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் யாராவது எனக்கு முதல் வரியை மட்டும் எழுதி அனுப்புங்கள். மிச்சத்தை நானே சொல்லிக்கொள்கிறேன்.