கம்பிக்கு வெளியே ஜப்பான் மீன்

பேச்சுத் துணை வேண்டுகிறவன் மீன் விற்கப் போகலாம், மீன் வளர்க்கப் போகக்கூடாது. ஆளில்லாத இடத்தில் சம்பளம் வாங்கியவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்கார ஆட்சியோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், பெம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குளத்து மீனுக்கு வளர்ப்பும் காவலுமாக இருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளையெல்லாம் பெயர்த்து ஆபீஸ் பக்கம் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி போட்டுவிட்டார்கள். குளத்தைப் பெயர்க்க முடியாததால் அது கம்பிக்கு வெளியே நின்றுவிட்டது. பகலெல்லாம் நானும் வெளியேதான். சாயங்காலம் கேட் மூடுவதற்குள் உள்ளே வந்து, கடைசி அறையில் தனியாகப் பொங்கித் தனியாகச் சாப்பிடுவேன். அரிசியை ரேஷனில் அளந்து கொடுத்த காலம். யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடமாட்டார்கள். நான் மலாக்கா டவுனிலிருந்து வந்த அசலூர்க்காரன் வேறு. ஒரு வேளையாவது யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஏங்கியதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

தவிட்டுக்குத் தடை

கம்பிக்கு வெளியே தின்கிற பொருள் எதுவும் போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று சட்டம். பால் எடுக்க மரம் சீவப் போகிறவர்களே வெறும் தண்ணீர்ப் போத்தலோடுதான் போவார்கள். இது தெரிந்தும் ஒருநாள் மீனுக்கென்று ஒரு தகர டப்பா நிறையத் தவிடு எடுத்துப் போனேன். கேட்டில் காவல் நின்ற யூசோப் மலாய்க்காரர்; எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார், மலாய்க்காரர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' மட்டும் ஒட்டிக்கொள்ளும். தவிட்டுக்குள் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். மீனுக்குத்தான் என்று கெஞ்சினேன். அவர் சிரிக்காமல் சொன்னார்:

"மீனுக்கும் ரேஷன் கார்டு எடுத்துக்கிட்டு வா லா, அப்புறம் உடுறேன்."

பேரைக் கேட்டதும்

தவிடு இல்லாமலும் மீன் பெருகியது. கல்லிலும் மூங்கில் கழியிலும் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்றே வளர்ந்துவிடும் சாதி அது. ஆப்பிரிக்க ஆறுகளில் பிறந்தது, அங்கே முழங்கை நீளம்கூட வளரும் என்று குஞ்சு கொடுத்த மீன் இலாகா அதிகாரி சொல்லியிருந்தார். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் இங்கே வந்ததால் ஊரெல்லாம் அதற்கு ஜப்பான் மீன் என்றுதான் பேர். லயத்துப் பெண்கள் ஒருவரும் வாங்கவில்லை. எல்லோரும் அதே லயத்தில் இருந்த அஞ்சலை அக்காவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்கள்.

அக்காவின் புருஷனை ஜப்பான்காரன் சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட இழுத்துப் போனான், ஆள் திரும்பவில்லை. அது தெரியாமல் நான் அவர் வாசலிலேயே போய், "நல்ல ஜப்பான் மீன் அக்கா" என்று வாளியை இறக்கியிருக்கிறேன். விஷயம் தெரிந்த பிறகு, சமாதானமாக ஆப்பிரிக்கக் கதையைச் சொல்லப் போனேன். அக்கா முழுதும் கேட்டார்.

"எங்க பொறந்தா எனக்கென்ன தம்பி? யாரோட வந்துச்சுன்னுதான் நான் பாப்பேன்."

குளத்தங்கரைப் பேச்சு

அதன் பிறகு லயத்தில் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மீனோடு பேச ஆரம்பித்தேன். நிழல் விழுந்தால் தாய் மீன் குஞ்சுகளை வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். நிழல் விலகினால் வெளியே விடும். என் நிழலுக்கும் அப்படித்தான் செய்யும். எனக்குக் கோபம் வந்துவிடும். "தினம் பார்க்கிற ஆளைக்கூடவா தெரியவில்லை?" என்று ஒரு மத்தியானம் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சைக்கிளை நிறுத்திவிட்டு என் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

"பேசு, பேசு. அது பதில் சொல்ல ஆரம்பிச்சா மட்டும் ஆபீஸ்ல வந்து சொல்லிரு, வேற ஆளப் பாக்கணும்."

கடைசி வலை

காட்டில் இருப்பவர்கள் குளத்து மீனைப் பிடித்துத் தின்கிறார்கள் என்று போலீசுக்குச் சந்தேகம். குளத்தை இறைத்துவிட உத்தரவு வந்தது. என் வேலையும் போயிற்று. பிடித்த மீனை இலவசமாகப் பங்கு போடச் சொன்னார் மேனேஜர். சும்மா கிடைத்ததை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அஞ்சலை அக்கா மட்டும் வாளிப் பக்கமே வரவில்லை.

சாயங்காலம் லயம் முழுக்க மீன்குழம்பு வாசம். ஒரு வீட்டிலும் என்னைக் கூப்பிடவில்லை. மனசு விட்டுப்போய் அறையில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சலை அக்கா வாசலில் வந்து நின்றார்.

"நம்ம வீட்டுல மீன் இல்ல தம்பி, ரசந்தான். உன் அரிசியக் கொண்டாராத, என்னோடதையே ரெண்டு பேருக்கு வடிச்சிட்டேன். வா, சோறு ஆறுது."

அந்தத் தோட்டத்தில் நான் பக்கத்தில் ஆளோடு சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். அதில் நான் வளர்த்த மீன் ஒரு துண்டுகூட இல்லை.