எல்லோருக்கும் 586 முதலில்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் பதினைந்து பேர். நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் ஒன்பது பேர், சுரங்க நகரியத்தில் தெரு கூட்டும் பெண்கள் மூன்று பேர், எங்கள் முதலாளி, லேப் மேடம், நான். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள் என்பதுவரை இப்போதும் சொல்வேன். பயந்துபோன நாளில் பார்த்தது எனக்கு அழிவதில்லை. மற்ற நாட்களில் நேற்று வைத்த குழம்புகூட நினைவிருக்காது.

மந்தாரக்குப்பத்தில் மசாலா மோர் பாக்கெட் போடும் சின்ன கம்பெனி அது. கப் கழுவி வைக்கிற வேலைக்குத்தான் நான் சேர்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள். லேப் மேடம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். உணவு சம்பந்தமான படிப்பு படித்தவர். நகரியத்தில் குவார்ட்டர்ஸில் வீடு, அப்பாவுக்கு சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. மேடத்துக்கோ ஆறு மாத சோதனைக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிகிற நேரத்தில்தான் இந்த மோர்ப் பரீட்சை வந்தது.

பழைய மோரில் இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துப் போடுவோம். புதிதில் வெளியூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்த மசாலாப் பவுடர். எதை மக்கள் விரும்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மேடம் அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேர் வைத்திருந்தார். இரண்டு மோருக்கும் பெயர் போடக் கூடாது, மூன்று இலக்க எண்தான். பழையது 417, புதியது 586. ஒவ்வொருவர் முன்னாலும் இரண்டு கப், ஒரு டேப்லெட். அதில் ஒரே கேள்வி: இரண்டில் எது உங்களுக்குப் பிடித்திருக்கிறது? இரண்டும் என்று சொல்ல வழியில்லை, ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். பாதிப் பேர் 417-ஐ முதலில் குடிக்க வேண்டும், பாதிப் பேர் 586-ஐ. அதை சாப்ட்வேரே பிரித்துக்கொடுக்கும். அதற்கு ரொட்டேஷன் என்று ஒரு கட்டம், அதில் டிக் இருக்க வேண்டும்.

மேடம் பாதி நாள் மெஷின் பக்கம் புளிப்பு பார்க்கப் போய்விடுவார். அதனால் டெஸ்ட் போடுவதை எனக்கே காட்டிக்கொடுத்திருந்தார், தன் பாஸ்வேர்டோடு. "பழகிடுச்சுக்கா உங்களுக்கு, என்னைவிட வேகமாப் போடறீங்க" என்பார். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தே எனக்குப் பாதித் தூக்கம் போனது.

டெஸ்டுக்கு முந்தின வாரம் ஒத்திகை பார்த்தபோது நான் ஒரு மேஜையில் கப்பை இடம் மாற்றி வைத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "படிக்காதவங்கள உள்ள வுட்டா இப்பிடித்தான்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. அந்த ஒரு வாக்கியம் வாரம் முழுக்க என் காதிலேயே இருந்தது. டெஸ்ட் அன்று காலை, பன்னிரண்டு மேஜைக்கும் கப் வைக்கிற வரிசையைப் பார்த்தேன். ஒன்றில் அது முதல், அடுத்ததில் இது முதல். மறுபடி எங்காவது மாற்றி வைத்துவிடுவேன் என்றுதான் தோன்றியது. எப்படியும் எல்லோரும் இரண்டையும் குடிக்கத்தானே போகிறார்கள், எது முன்னால் போனால் என்ன என்று நினைத்தேன். ரொட்டேஷன் டிக்கை எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் 586 முதலில் என்று வந்தது. பயம் விட்டது.

இரண்டு மணி வெயிலில் சுரங்கத்திலிருந்து வந்தவர்களின் தாகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன, என் வீட்டுக்காரரும் அங்கே கான்ட்ராக்டில் இருந்தவர்தான். ஆனால் அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. முதல் கப்பை எடுத்தவுடன் ஒரே மடக்கு. இரண்டாவது கப்பில் வாய் நனைத்ததோடு சரி. ஒருவர், "ஏம்மா, இன்னொண்ணு ஊத்திக்கினு வாயேன், எதுன்னு நல்லா யோசிச்சு சொல்றேன்" என்றார். கூட்டுகிற பெண்களில் ஒருத்தி, "உனுக்குத் தொட்டியக் குடுத்தாலும் யோசிச்சுக்கினுதான் இருப்ப" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டில் பத்துப் பேர் 586-ஐத் தொட்டிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து புது மோர்தான் என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்த மேடம், பட்டியலில் வரிசை என்ற இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. நேராக முதலாளியிடம் போய், இந்த டெஸ்ட் செல்லாது, முதலில் கொடுத்த கப்தான் ஜெயித்திருக்கிறது, மறுபடி செய்ய வேண்டும் என்று சொன்னார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முதலாளி சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டார். டிக் எடுக்கப்பட்டது மேடத்தின் பாஸ்வேர்டில் என்று அவர்கள் சொன்னார்கள். பவுடர்க்காரர் முந்தின வாரம் மேடத்தைப் பார்க்க வந்திருந்தார் என்பது முதலாளிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எவ்ளோ வாங்குன?" என்று முதலாளி அதட்டியது கண்ணாடிக் கதவு தாண்டி எனக்குக் கேட்டது. மேடம், "நான் மாத்தல சார்" என்று மட்டும் சொன்னார். யார் மாற்றினார்கள் என்று சொல்லவில்லை. அவருக்கு அந்த நிமிடம் தெரிந்திருக்கும். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

நான் அன்று போய்ச் சொல்லவில்லை. கப்களைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். இந்த வேலை போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது என்பது உண்மை. ஆனால் அதையே சாக்காகச் சொல்லிக்கொண்டேன் என்பதும் உண்மை. மறுநாள் காலை, இனி எங்கேயும் லேப் வேலைக்குப் போக முடியாதபடி எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் கால் தானாக உள்ளே போனது.

"நான்தாங்க மாத்துனேன்" என்றேன்.

முதலாளி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீயா? மேடம் சொல்லிக் குடுத்து அனுப்புச்சா? எட்டாவது படிச்ச ஆளு சாப்ட்வேர்ல போய் மாத்துனியா. போம்மா, போய் வேலையப் பாரு."

எத்தனையோ தண்டனையை நினைத்துப் பயந்திருந்தேன். நம்பமாட்டார் என்று நினைக்கவே இல்லை. "வேணுன்னா போட்டுக் காட்டறேங்க" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் நாற்காலியைத் தள்ளினார். மேடம் பக்கத்தில் வரக் கூடாது, சுவரோரம் நிற்க வேண்டும் என்றார். நான் உட்கார்ந்தேன். மவுஸில் வியர்வை ஒட்டியது. புது டெஸ்ட், இரண்டு சாம்பிள், எண்கள், கேள்வி, பன்னிரண்டு பேர். கடைசியில் அந்தக் கட்டத்துக்கு வந்து டிக்கை எடுத்தேன். திரையில் பன்னிரண்டு வரியும் ஒரே மாதிரி மாறின. முதலாளி குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு மேடத்தைப் பார்த்து, "பாஸ்வேர்ட யாரு குடுத்தா?" என்றார்.

"நான்தான் சார்."

பவுடர்க்காரரிடம் வாங்கினார் என்ற பழி அத்தோடு போனது. வேலை தப்பவில்லை. பாஸ்வேர்டைக் கொடுத்தது தப்பு என்று சோதனைக் காலத்தோடு மேடத்தை நிறுத்திவிட்டார்கள். வேலை பார்த்ததற்கான சான்றிதழை மட்டும் நல்லபடியாகக் கொடுத்தார்கள். பஸ் ஏறப் போகும்போது மேடம் என் கையைப் பிடித்து, "நீங்க வந்து சொல்லலன்னா எனக்கு அந்தப் பேப்பரும் இல்லக்கா" என்றார். ஒரு நாள் தாமதமாகச் சொன்னதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மறுபடி செய்த டெஸ்டில், ரொட்டேஷனோடு, ஏழுக்கு ஐந்து என்று வந்தது. இதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று சாப்ட்வேரே எழுதிக் காட்டியது. பழைய மோரே ஓடுகிறது. அந்த டெஸ்டைப் போட்டது நான். போட்டுக் காட்டினாயே, இனி நீயே போடு, எதற்கு இன்னொரு படித்த ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு தைரியம் வரவில்லை. வேண்டாம் என்று மனசும் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

மேடம் இப்போது வேறு ஊரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். முதல் வருஷம் எடுத்துப் பேசினேன். "இன்னும் கப்தான் கழுவறீங்களாக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு எடுப்பதில்லை. இந்த வருஷம் அழைப்பு வந்தபோது நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து டெஸ்ட் போட்டுக்கொண்டிருந்தேன். மணி நிற்கிறவரை கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நின்ற பிறகு ஒரு செய்தி வந்தது: "அக்கா, இங்க டெஸ்ட் போட ஒரு ஆள் வேணும். உங்களைச் சொல்லியிருக்கேன்."

இன்னும் பதில் போடவில்லை.